எங்கள் நோட்டில் பலித்த ஒரே வாக்கு

11-7-2025, வெள்ளிக்கிழமை காலை ஏழே காலுக்கு எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி இது. எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன்: "அக்கா, அந்தப் பழைய நோட்டு இன்னும் வெச்சிருக்கீங்களா? இருந்தா ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு ஊட்டுக்கு வாங்க. புதன்கிழமையோட ஆனி முடியுது. அதுக்குள்ள எனக்கு ஒரு முடிவு தெரியோணும்."

அனுப்பியவள் என்னோடு இருபத்தேழு வருடம் ஒரே தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்தவள். என்னைவிட ஆறு வயது இளையவள். பருத்தி விவசாயம் பார்த்த தெலுங்குக் குடும்பம். மாட்டையும் மகனையும் தெலுங்கில் அதட்டுவாள். மற்றதெல்லாம் எங்கள் கோயமுத்தூர்த் தமிழில்தான். ஓய்வு பெற்றபின் தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், கணவர் வைத்து வளர்த்த தென்னந்தோப்பு வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. ஒரே மகன் பெங்களூரில் இருக்கிறான்.

உடனே கூப்பிட்டேன்.

"ஏன் கண்ணு, நோட்டு எதுக்கு இப்ப?"

"தோப்பக் குடுத்துப்போட்டு பையங்கூட பெங்களூரு போயிர்லாம்னு பாக்கறனுங்க அக்கா. புரோக்கரு ஆள் கொண்டாந்துட்டாரு. செவ்வாக்கெழம அக்ரிமெண்டுன்னு சொல்றாரு. ஆடி பொறந்துட்டா யாரு கையெழுத்துப் போடுவாங்க?"

"போன மாசம்கூட சாவற வரைக்கும் இந்த ஊடுதான்னு சொன்னியே."

"சொன்னனுங்க. இப்ப ஒருத்தன் வேற சொல்றானே."

அந்த ஒருத்தன் யூடியூபில் வருகிறவன். ஜாதகமோ சோழியோ கிடையாது. கண்ணை மூடினால் நடக்கப் போவது படமாகத் தெரியும் என்கிறான். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பக்கத்து அடிவாரம் ஒன்று ஆடிப் பதினெட்டுக்குள் மண்ணுக்குள் போகும், தென்னை மரங்களின் தலை மட்டும் வெளியே தெரிகிறது என்று சொல்லியிருக்கிறான். போன வருடம் ஆடி மாதம் வயநாட்டில் மலை சரிந்ததை அவள் டிவியில் மூன்று நாள் விடாமல் பார்த்தவள். அந்த மலையும் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலையும் ஒரே தொடர் என்பது அவள் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. அந்தத் தென்னைத் தலைகள்தான் அவளைப் பிடித்துக்கொண்டன.

"இத பாருங்க அக்கா. நோட்டுல ஒண்ணே ஒண்ணாவது பலிச்சிருந்தா நான் கையெழுத்துப் போட்டுர்றேன். ஒண்ணுங்கூட பலிக்கலீன்னா இங்கயே கெடக்கறேன். எழுதுனது நீங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"உனக்குத் தெரியாதா?"

"எனக்கு ஒண்ணு ஞாபகம் இருக்குதுங்க," என்றாள். "உங்களுக்கும் இருக்கும்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இருந்தது. அதுதான் சங்கடம்.

நோட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெளியூர் அழைப்புக்கு ட்ரங்க் கால் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு சீட்டு எழுதுவோம். யார், யாருக்கு, எத்தனை மணிக்குக் கேட்டார், எத்தனை மணிக்குக் கிடைத்தது, எத்தனை மணிக்கு முடிந்தது. ஒரு நிமிடம் தவறினால் மேற்பார்வையாளர் அம்மா நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார். அந்தப் பழக்கம் வீடுவரை தொடர்ந்தது. எங்கள் வீட்டு முதல் பிரிட்ஜ் வந்த தேதியும், சிங்காநல்லூர்க் குளம் நிரம்பிய தேதிகளும், பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் ஏணி வாங்கிப்போன தேதியும் என்னிடம் உண்டு. என் கணவர், "உன்கிட்டப் பொய் சொல்றதுக்கு டைரி வெச்சுக்கோணும்," என்பார்.

லாத்தூர் பூகம்பம் நடந்த சில நாட்களில், கோயமுத்தூரும் நடுங்கப் போகிறது, வருகிற அமாவாசைக்குள் நடக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. யார் சொன்னது என்று கேட்டால் ஆளுக்கொரு சாமியார். எங்கள் பிரிவில் பாதிப் பேர் அமாவாசையன்று டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை அவள்தான். என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மரத்தடியில் உட்கார்ந்து அவள் வீட்டு அரிசிம்பருப்புச் சாதத்தைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். எறும்பு கடித்ததைத் தவிர எந்த ஆபத்தும் வரவில்லை.

மறுநாள் அவளைக் கேலி செய்தேன். "நான் எங்கீங்க அமாவாசைக்குள்ளன்னு சொன்னேன்? அமாவாசைக்கு அப்பறம்னு சொன்னேன்," என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் அவளுக்கு ஞாபகம். எனக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அன்று மாலையே நீள நோட்டு ஒன்று வாங்கி ஐந்து பத்தி கோடு போட்டேன். கேட்ட தேதி. சொன்னவர். சொன்னது. எப்போதைக்குள். நடந்ததா. சொன்ன அன்றைக்கே எழுத வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியதை யாரும் திருத்தக் கூடாது. இதுதான் சட்டம். அவள் தலையைத் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டாள். "பலிச்சா நீங்க எனக்கு அன்னபூரணியாட்டம் ஒரு வாரம் சோறு போடோணும்," என்றாள்.

பதினோரு வருடம் அந்த விளையாட்டு நடந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் எங்களுக்கு அதற்குத்தான். அவளுக்கு எங்கிருந்தோ வாக்குகள் வந்துகொண்டே இருக்கும். கருமத்தம்பட்டியில் அவள் நாத்தனார் வீட்டுத் தறிக்குடோனுக்கு வரும் ஒரு குறிகாரர், பேரூரில் ஒரு பண்டாரம், பஞ்சாங்கம், வார இதழ், வெளிநாட்டில் எப்போதோ செத்துப்போன யாரோ. சென்னையைக் கடல் கொள்ளும் என்று ஒருவர் சொன்னார், வருடம் சொல்லவில்லை. நொய்யலில் யானை மிதந்து வரும் அளவு வெள்ளம் என்று ஒருவர். வானத்திலிருந்து கல் விழும் என்று ஒருவர். அதற்கு அவள், "தேதி இல்லீன்னா மூணு மாசம் போட்டு வைங்க அக்கா, பாவம்," என்று தவணை கொடுத்தாள். கடைசிப் பத்தியில் என் கையெழுத்தில் இல்லை, இல்லை, இல்லை என்று பக்கம் பக்கமாக இறங்கும். சில இடங்களில் இல்லை என்பதற்குப் பக்கத்தில் அவள் பென்சிலால், "கொஞ்சம் மழை பெய்தது," என்று எழுதி வைத்திருப்பாள்.

இப்போது அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது வாக்குகளைவிட அவற்றின் ஓரத்தில் இருப்பவைதான் என்னை நிறுத்துகின்றன. ஒரு பக்கத்தில் ஊறுகாய் எண்ணெய். ஒரு பக்கத்தில் அவள் மகனுக்கு ஐந்து வயதில் நாங்கள் சேர்ந்து தைத்த பள்ளிச் சட்டைக்கு அளவு. ஒன்றில் எங்கள் இருவருக்கும் சேர்த்து எட்டு முழம் மல்லிகை வாங்கச் சொல்லி ஒரு சீட்டு, யாருடைய கல்யாணத்துக்கு என்று தெரியவில்லை. இதற்கெல்லாம் தேதி போடத் தோன்றவில்லையே என்று இப்போது நினைக்கிறேன்.

இனி அந்த ஒரு பதிவு. "22-12-2004, புதன். கோயில் பெட்டியில் தண்ணீர் வைத்திருக்கிறார்களாம். தண்ணீரால் பெரிய கஷ்டம் வரும் என்கிறாள்." எப்போதைக்குள் என்ற இடத்தில், "சீக்கிரம்." கீழே இரண்டு கையெழுத்து. கடைசிப் பத்தியில் அவள் சிவப்பு மையில் "ஆம்" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு இட்டிருக்கிறாள்.

எங்கள் பக்கத்து மலைக்கோயில் ஒன்றில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. பக்தர் யாராவது ஒருவர் கனவில் சாமி வந்து ஒரு பொருளைச் சொல்லும். அந்தப் பக்தர் கோயிலுக்குப் போய்ச் சொல்வார். சாமியிடம் பூப்போட்டுக் கேட்டு உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளைப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். மஞ்சள் வைத்தால் மஞ்சளுக்கு ஏதோ ஆகப்போகிறது, மண் வைத்தால் நிலத்துக்கு ஏதோ ஆகப்போகிறது என்று கொங்கு நாட்டில் வியாபாரிகூட உற்றுக் கவனிப்பார். ஏறினாலும் பெட்டி சொன்னது, இறங்கினாலும் பெட்டி சொன்னது. தண்ணீர் வைத்திருந்தபோதுதான் சுனாமி வந்தது என்று இன்றைக்கும் பஸ்ஸில் பேசுவார்கள். நான் பெட்டியைக் குறை சொல்ல வரவில்லை. கும்பிடப் போகிறவர்களுக்கு அது வேறு விஷயம். என் கணக்கு நோட்டோடு மட்டும்தான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. அதற்கு நான்கு நாள் முன் தேதியிட்டு, நான் என் கையால் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு வரி எங்கள் நோட்டில் இருந்தது. அலுவலகம் முழுக்கப் பார்த்தது. அவளுக்கு அது பெருமையாக இல்லை. முதல் வாரம் அழுதுகொண்டே இருந்தாள், சொல்லியும் யாருக்கும் பிரயோஜனம் இல்லாமல் போயிற்றே என்று. பிறகு மெல்ல மெல்ல அது அவளுக்கு ஒரு அடையாளம் ஆகிவிட்டது. மாறுதல் கேட்டவர்கள், மகளுக்கு வரன் பார்த்தவர்கள் எல்லாம் அவள் மேஜைக்கு வந்தார்கள். "அம்மணி, உம் மனசுல என்ன படுது, சும்மா சொல்லு," என்று மேலதிகாரியே கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒப்பந்தப்படி ஒரு வாரம் சோறு போட்டேன். நோட்டு அதோடு நின்றது. வாக்கு பலிக்காத வரைக்கும்தான் அது விளையாட்டு.

சனிக்கிழமை காலை பீரோவுக்கு மேலிருந்த பெட்டியை இறக்கி நோட்டை எடுத்தேன். மூன்று முறை அந்தப் பக்கத்தைப் படித்தேன். பொய் சொல்வது எனக்கு ஒத்துவராது. ஒன்று பலித்தது என்று சொல்ல வேண்டும்; அவள் தோப்பை எழுதிக் கொடுத்துவிட்டு, பெங்களூரில் பத்தாவது மாடியில் ஒரு ஜன்னலோரம் உட்காருவாள். எனக்கும் இதில் சுயநலம் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஒரே பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய சிநேகிதி எனக்கு அவள் ஒருத்திதான் மிச்சம்.

நான்காவது முறை படித்தபோதுதான் தேதி உறுத்தியது. என் அக்கா மகளின் பையன் பெருந்துறையில் பிறந்தது 23-12-2004. ஒவ்வொரு வருடமும் அவனுக்கு வாழ்த்துச் சொல்கிறேன். பிரசவத்துக்கு உதவியாக நான் போயிருந்தேன். அந்த வருடத்து டைரியை எடுத்தேன். 20 திங்கள்: "காலை பஸ், பெருந்துறை." 23 வியாழன்: "ஆண் குழந்தை, 4.10." 27 திங்கள்: "மாலை கோவை திரும்பினேன்." 28 செவ்வாய்: "வேலைக்குப் போனேன். யாரும் வேலை பார்க்கவில்லை."

அப்படியானால் 22 புதன்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்து நான் எப்படி எழுதியிருக்க முடியும்? நோட்டு என் மேஜை டிராயரில் பூட்டியிருந்தது, சாவி என்னிடம் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதற்கு முந்தைய பதிவுகள் எல்லாம் நீல மை. இது மட்டும் கருப்பு. டைரியிலும் 27 வரை நீலம், 28 முதல் கருப்பு.

நான் முன்தேதி போட்டிருக்கிறேன். சீட்டில் ஒரு நிமிடம் மாற்றி எழுதாத நான். அந்தச் செவ்வாய்க்கிழமையை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். அவள் என் தோளில் சாய்ந்து, "நான் சொன்னனல்லங்க அக்கா, பொதங்கெழமையே சொன்னனல்ல," என்று அழுதது நினைவுக்கு வருகிறது. ஆமாம் என்று நான் தட்டிக் கொடுத்ததும் நினைவுக்கு வருகிறது. எழுதியது நினைவுக்கு வரவே இல்லை. ஒருவேளை அவளைச் சமாதானப்படுத்த எழுதியிருக்கலாம். ஒருவேளை எனக்கே அவள் சொன்னதாகத் தோன்றியிருக்கலாம். அந்த வாரம் யாருக்கும் தலை நேராக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். தொண்டாமுத்தூரைத் தாண்டியதும் சாரல் ஆரம்பித்தது. மலை பாதிக்குமேல் மேகத்துக்குள் இருந்தது. தோப்பு வாசலில் குடையோடு நின்றிருந்தாள்.

"வாங்க வாங்க. ஒறம்பறை மாதிரி முறுக்கெல்லாம் எதுக்கு வாங்கியாந்தீங்க? நோட்டு எங்க?"

"உள்ள போலாம், நனையுது."

"நோட்டா, நீங்களா?"

"நோட்டுதான். நான் நனைஞ்சா காயும்."

சமையலறை மேஜையில் உட்கார்ந்தோம். ஜன்னலுக்கு வெளியே அவள் கணவர் வைத்த முதல் வரிசைத் தென்னைகள். அவற்றுக்கு அக்கட்டால சோலார் வேலி, அதற்கு அப்புறம் மலை. முதலில் பழைய பக்கங்களைப் படித்தோம். யானை மிதக்கும் வெள்ளத்துக்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கொஞ்சம் மழை பெய்ததுன்னு எழுதியிருக்கறேன் பாருங்க. என்னொரு வக்கீலு நானு!" அமாவாசைப் பூகம்பத்துக்கு எறும்பு கடித்தது யாரை என்று ஐந்து நிமிடம் சண்டை போட்டோம். எனக்கு நிறுத்த மனமில்லை. அவள்தான் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தானே அந்தப் பக்கத்தைத் திருப்பினாள்.

"இது," என்று விரலை வைத்தாள். "இது ஒண்ணு போதுமல்லங்க."

டைரியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். தேதிகளைக் காட்டினேன். மை நிறத்தைக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அந்தப் பொதங்கெழம நான் பெருந்துறைல இருந்தேன் கண்ணு. இது நான் திரும்பி வந்து, செவ்வாக்கெழம எழுதுனது. எல்லாம் நடந்து முடிஞ்சதுக்கு அப்பறம்."

"அப்ப நான் போன்ல சொல்லியிருப்பனுங்க."

"சொன்னியா?"

"ஆசுபத்திரிக்குப் பக்கத்துல உங்க அக்கா ஊட்டு நம்பருக்கு ரெண்டு வாட்டி கூப்புட்டேன். கொழந்த பொறந்துச்சான்னு கேக்கறதுக்கு."

"பொறந்ததுக்கு அப்பறமா, முந்தியா?"

எழுந்து போனாள். பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தாள், அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. திரும்பாமலேயே பேசினாள்.

"ஏனுங்க அக்கா, எம்பட வாழ்க்கைல நான் சொல்லி நடந்தது அது ஒண்ணுதான். பையன் படிப்பும் நான் சொன்னபடி இல்ல, அவரு ஒடம்பும் நான் சொன்னபடி இல்ல. அந்த ஒண்ணையும் புடுங்கிக்கோணுமா?"

"புடுங்க வரல. தேதி நான் தப்பாப் போட்டுட்டேன். தப்பு எம்பேர்ல."

"கையெழுத்து நானும்தான போட்டிருக்கறேன்."

"போட்டிருக்கற."

"எதுக்குப் போட்டேன்? பொதங்கெழமன்னு எழுதியிருக்கறதப் பாத்துபோட்டுத்தான போட்டிருப்பேன்? செவ்வாக்கெழம ஒக்காந்து பொதங்கெழமக்குக் கையெழுத்து எப்புடிப் போட்டேன்?" குரல் ஏறிக்கொண்டே வந்து சட்டென்று நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். "எனக்கு அது தப்பாவே படலீங்களே."

"எனக்கும் படல."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு ஒரு மாதிரியாகச் சிரித்தாள். "நெறைய பேரு நம்மள மாதிரிதான் இருப்பாங்களாட்டம். யாரையும் ஏமாத்தோணும்னு நெனைக்காம."

"இருக்கலாம்."

"அந்த யூடியூபுக்காரன் வயநாட்டயும் முந்தியே சொன்னானாமா. அதான் எனக்குப் பயம் வந்துச்சு. முந்தியேன்னா எப்ப?"

போனை வாங்கிப் பார்த்தோம். அவன் வயநாட்டைச் சொன்னதாக எடுத்துப் போட்டிருந்த துண்டு வீடியோவில் தேதி இல்லை. முழு வீடியோவைத் தேடினோம், எங்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காததால் இல்லை என்று ஆகிவிடாது. அதையும் அவளிடம் சொன்னேன்.

"மலை எறங்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். எறங்கலாம். அந்தாளுக்கு எந்தத் தேதின்னு தெரியாது, அவ்வளவுதான். மழ எவ்வளவு பெய்யுதுன்னு அளக்கறவங்க இருக்காங்க. அவங்க போகச் சொன்னா மாட்டக் கூட அவுத்து விட்டுட்டுக் கெளம்போணும். அது வேற."

"அதுக்கு இந்தத் தோப்ப விக்க வேண்டியதில்லீங்களே."

"இல்ல."

"பையனுக்கு என்ன சொல்றது?"

"பயந்தா அவனுக்கும் நியாயம் இருக்கு. தாலூக்கா ஆபீஸ்ல சொன்னா கெளம்பிர்றேன்னு அவன்கிட்ட எழுதிக் குடு."

"தேதி போட்டுத்தானுங்க?"

புரோக்கரை அப்போதே கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். அவர் நல்ல மனிதர்தான், எடுத்தவுடனே, "ஏனுங்கம்மா, செவ்வாக்கெழம பத்தர மணிக்கு வண்டி அனுப்பட்டுங்களா?" என்றார்.

"வேண்டாமுங்க. ஆவணி பொறக்கட்டும், பாத்துக்கலாம்."

"அப்ப ஆடிப் பதினெட்டு தாண்டிருமுங்களே? நீங்கதானம்மா பயமா இருக்குதுன்னீங்க."

"பயமாத்தான் இருக்குது. இருந்தாலும் இருந்து பாத்துக்கறனுங்க. மலை வந்தா உங்களுக்கு ஒரு போன் பண்றேன்."

அவர் பதறிப்போய், "அய்யோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா," என்றார். வைத்தபிறகு அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. மூன்று வாரம் அந்த மலையைப் பார்த்துக்கொண்டு தனியாகப் படுக்கப் போகிறவள் அவள். நான் சிங்காநல்லூருக்குத் திரும்பிவிடுவேன்.

கிளம்பும் முன் அவள் நோட்டைக் கேட்டாள். இருபது வருடம் காலியாக இருந்த பக்கத்தில் எழுதச் சொன்னாள். 13-7-2025, ஞாயிறு. யூடியூபில் ஒருவர். மலை சரிந்து அடிவாரம் புதையும். ஆடி 18, ஆகஸ்ட் 3-க்குள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். போடும் முன் சுவர்க் காலண்டரைப் பார்த்துத் தேதியைச் சரிபார்த்துக்கொண்டாள்.

அந்த மூன்று வாரமும் தினம் காலையில் ஏழு மணிக்கு அவள் செய்தி வரும். "மானம் மூட்டம்." "காத்து ஜாஸ்தி." "கன்னுக்குட்டி சேட்டை." ஒரு நாள் செய்தி வரவில்லை. ஏழரை வரை பொறுத்தேன், எட்டு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அப்போதுதான் அவள் கூப்பிட்டாள், சார்ஜர் வேலை செய்யவில்லையாம். அந்த ஒரு மணி நேரத்தில் நான் எவ்வளவு தூரம் அந்த வீடியோக்காரனை நம்பிவிட்டேன் என்பதை இங்கே எழுதி வைப்பதுதான் நியாயம்.

ஆடிப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் முந்தின நாளே போய்விட்டேன். தூறல், நல்ல காற்று. பண்டிகைக்கு வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள். மத்தியானம் மேகம் விலகி மலை முழுதாகத் தெரிந்தது. இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்தோம். திங்கட்கிழமை விடிந்ததும் பார்த்தால் வேலி ஓரத்தில் இரண்டு தென்னங்கன்றுகள் வேரோடு சாய்ந்து கிடந்தன, சுற்றிலும் யானைக் கால்தடம். "அந்த யூடியூபுக்காரன் மலைக்குப் பதிலா ஆனையத் தாட்டியுட்டிருக்கறானுங்க," என்றாள். கடைசிப் பத்தியில் "இல்லை" என்று அவளே எழுதினாள். பென்சிலை எடுக்கப் போனவள் எதுவும் எழுதாமல் வைத்துவிட்டாள்.

அந்த வீடியோவின் தலைப்பில் ஆடிப் பதினெட்டு என்று இருந்தது ஆகஸ்ட் பத்தாம் தேதி பார்த்தபோது இல்லை. "விரைவில்" என்று இருந்தது.

இதை எழுதும்போது ஐப்பசி. அவள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். ஆவணியில் புரோக்கர் மறுபடி கேட்டிருக்கிறார். தை பிறக்கட்டும் என்று சொல்லியிருக்கிறாள். மகன் மாதம் ஒரு முறை வந்து போகிறான். அவனுக்கு எழுதிக் கொடுத்த தாள், தேதியோடு, பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

2004 பதிவை நாங்கள் அடிக்கவில்லை. எழுதியதைத் திருத்தக் கூடாது என்பது சட்டம். ஆனால் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள்: போனில் சொன்னாளா இல்லையா என்பதையாவது கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று. முயன்றேன். பெருந்துறையில் என் அக்காவிடம் கேட்டேன். அந்த வாரம் கோவையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறது, தண்ணீர் என்று ஏதோ பேச்சு வந்தது, வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டாளோ என்னவோ என்கிறார் அக்கா. குழந்தை பிறந்ததற்கு முன்னா பின்னா என்று அவருக்கும் தெரியவில்லை. அவளுடைய அந்த மாதத்து டெலிபோன் பில் வீடு மாறும்போது பழைய பேப்பரோடு போய்விட்டது. எங்கள் அலுவலகப் பதிவுகள் அத்தனை வருடம் வைத்திருக்கப்படுவதில்லை. ஆகவே 2004 டிசம்பர் 20-க்கும் 26-க்கும் இடையில் அவள் என்னிடம் தண்ணீரைப் பற்றிச் சொன்னாளா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.